எண்பது விழுக்காடு

படிவம் ஒன்று வகுப்பின் புவியியலில் நான் பதினொரு முறை தேர்ச்சி பெற்றிருக்கிறேன். ஒரு முறைகூட என் பெயரில் இல்லை.

ஈப்போ நகரை அடுத்த புந்தோங்கில் ஓர் இடைநிலைப்பள்ளிக்கு எதிரே ஷாஃபி அண்ணனின் கடை இருக்கிறது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகப் போகிறது. போட்டோஸ்டாட், லாமினேட், பாஸ்போர்ட் படம் என்று முன்பலகையில் எழுதியிருக்கும். எழுதாத வேலை ஒன்றும் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஃபோலியோ கேட்பார்கள். ஒரு தலைப்பை எடுத்து, நாலு பேரைக் கேட்டு விவரம் சேர்த்து, படம் ஒட்டி, பதினைந்து பக்கம் மலாயில் எழுதிக் கட்டி ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகள் தலைப்புத் தாளைக் கொண்டு வந்து ஷாஃபி அண்ணனிடம் கொடுத்துவிட்டு, "வெள்ளிக்கெழம வேணும்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பின்னால், காகிதப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் எழுதுவேன்.

எனக்கு அது பிடித்திருந்தது. படிவம் நான்கில், மலாய் வாய்மொழித் தேர்வு நாளன்று நான் பள்ளிக்கூடக் கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் கூப்பிடுவார்களே என்று மறுநாளும் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாள் பள்ளிக்கே போகவில்லை. முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதோடு என் பெயரை எடுத்துவிட்டார்கள். என் வாயில் வராத மலாய், கையில் நன்றாகவே வந்தது. ஃபோலியோவில் யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்வதில்லை. ஒவ்வொரு ஃபோலியோவின் கடைசிப் பத்தியையும் கொஞ்சம் அழகாக முடிப்பேன். அதைப் படித்துப் பார்த்து நானே சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

எங்கள் அடுக்குமாடியில், எங்களுக்கு மேல்மாடியில் நல்லம்மாள் அத்தை குடியிருக்கிறார். சொந்த அத்தை இல்லை. ரப்பர் தோட்டத்தை வீடமைப்புக்காரர்களுக்கு விற்றபோது, ஒரே லயத்து வரிசை வீடுகளிலிருந்து எங்கள் இரண்டு குடும்பமும் இந்த மலிவு விலை ஃப்ளாட்டுக்கு வந்தது. அத்தை ஈப்போவில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறார். விடியுமுன் பஸ் ஏறிவிடுவார். ஒரே மகள் தினேஸ்வரி. பதினாலு வயது, கடைக்கு எதிர்ப்பள்ளியில் முதல் வகுப்பான படிவம் ஒன்று.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, கைப்பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து என் முன்னால் வைத்தார். எனக்குப் படிக்கத் தேவையில்லை. அந்தத் தாளின் மடிப்பே எனக்குத் தெரியும்.

"ரெண்டு வந்துருச்சு துளசி. மூணாவது வந்தா பேர எடுத்துருவாங்களாம்."

"அவ பள்ளிக்கூடம் போறாளே அத்த. நான் காலைல பாக்கிறேனே, யூனிஃபார்மோட."

"யூனிஃபார்ம் போவுதுலா. அவ போறதில்ல. சி புளோக் மாடிப்படியில குந்திக்கிட்டு ஃபோன் பாக்கறாளாம். ஐயாவு அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியுது."

புவியியல் ஆசிரியை ஹஸ்லினா அத்தையைப் பள்ளிக்கு வரச் சொல்லிப் பேசியிருந்தார். ஃபோலியோவை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்து, இனி ஒழுங்காகவும் வந்தால், துணைத் தலைமையாசிரியரிடம் தான் பேசிப் பார்ப்பதாகச் சொன்னாராம்.

"நீ எழுதிக் குடுத்துரும்மா," என்றார் அத்தை. "அவ பேரு மேல இருந்தா போதும். இந்த ஒரு தடவ."

தலைப்பு, "என் குடியிருப்பில் வீட்டுக் குப்பை." இரண்டே நாளில் முடித்தேன். மற்றவர்களுக்கு எழுதுவதைவிடக் கவனமாக எழுதினேன். முப்பது வீட்டாரைப் பேட்டி கண்டதாகப் போட்டேன். அதில் எண்பது விழுக்காட்டினர் குப்பையைப் பிரித்து, காகிதமும் நெகிழியும் தனித்தனியாகப் போடுகிறார்கள் என்று எழுதி, பச்சை நிறத்தில் வட்டப் படம் வரைந்தேன். ஃபோலியோவில் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள். யாரும் எந்த வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் தினேஸ்வரி கடைக்குள் நுழைந்தாள். பை ஒரு தோளில், காலுறை ஒன்று மேலே, ஒன்று கீழே.

"யாரு ஒங்கள இவ்ளோ நல்லா எழுதச் சொன்னா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வகுப்புலயே இதுதான் நல்ல ஃபோலியோவாம். டீச்சர் தூக்கிக் காட்டுனாங்க. அடுத்த வியாழக்கெழம நான் முன்னால நின்னு பேசணுமாம். துணைத் தலைமையாசிரியர் மிஸஸ் லோவும் வந்து உக்காருவாங்களாம்." அவள் குரல் உடைந்தது. "அது உள்ள என்னா இருக்குன்னே எனக்குத் தெரியாதுக்கா!"

ஷாஃபி அண்ணன் கல்லாவிலிருந்து தலையை நீட்டினார். "தங்கச்சி, நான் சொல்லியிருக்கேனா இல்லியா? கொஞ்சம் தப்பு வுட்டு எழுதுன்னு. பிரியாணில ஒரு கல்லு கெடந்தாத்தான் வீட்டுச் சாப்பாடுன்னு நம்புவாங்க."

நான் அவரைப் பார்க்கவில்லை. வகுப்பின் முன்னால் நிற்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவள் அன்றைக்கு ஓடிவிட்டால் மூன்றாவது கடிதம் நிச்சயம். அவளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது நான்.

"எட்டு நாள் இருக்கு," என்றேன். "தெனமும் பள்ளிக்கூடம் முடிஞ்சு இங்க வா. நான் சொல்லித் தாரேன். காலைல நானே பள்ளிக்கூட கேட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க என்னா டீச்சரா?"

"இல்ல."

"அப்பன்னா சரி," என்றாள்.

முதல் இரண்டு நாள் வீணாகப் போயிற்று. முதல் பக்கத்தை மனப்பாடம் செய்யச் சொன்னேன். ஒரு வரி சொன்னாள். ஜடையின் நுனி முடியை எண்ணினாள். மைலோ ஐஸ் கேட்டாள். லாமினேட் இயந்திரத்தில் இலை ஒன்றை விட்டுப் பார்க்கலாமா என்றாள். கெஞ்சினேன், கேட்கவில்லை. உன் அம்மா பாவம் என்று சொன்னேன். அதற்கு அவள் முகம் இறுகியதைப் பார்த்து, அதை ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

"தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில நீதானே மொதல்ல வருவ?" என்று கேட்டேன்.

"பதினாலு பேருல மொதல்ல. இங்க நாப்பது பேரு. எல்லாம் மலாயில ஓடுது. மலாய் பழக வெக்கிற புகுமுக வகுப்புல ஒரு வருசம் படிச்சும் எனக்குப் பாதி வெளங்கல. கடைசி வரிசையில ஒக்காந்திருக்கேன். யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கறதில்லக்கா. நான் போனா என்னா, போவாட்டி என்னா?"

நானும் அதே பள்ளியின் கடைசி வரிசையில் இருந்தவள்தான். ஆனால் நான் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருந்தேன். இவள் யாராவது கேட்க மாட்டார்களா என்று உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் மனப்பாடத்தை விட்டுவிட்டு, ஃபோலியோவின் நகலைச் சும்மா படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் காகிதப் பெட்டியின் மேல் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் பக்கம் வந்தது. "எங்கள் குடியிருப்பில் எண்பது விழுக்காட்டினர் குப்பையைப் பிரித்துப் போடுகிறார்கள்."

முதலில் ஒரு சத்தம் வந்தது. பிறகு அவள் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஷாஃபி அண்ணன் வாடிக்கையாளரை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"நம்ம ஃப்ளாட்டுலயா? பிரிச்சா? அக்கா, போன வாரம் மூணாவது மாடியிலேர்ந்து பேம்பர்ஸ் வுழுந்துச்சு! பிச்சைமுத்து அண்ணன் மோட்டார் சீட்டு மேல! நீங்க எந்த ஊரு ஃப்ளாட்ட எழுதுனீங்க?"

எனக்குக் காது சூடாயிற்று. "அப்ப எத்தன வீடு பிரிச்சுப் போடுது?"

"ஒண்ணுகூட இல்ல."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாட்டி என்னா? பாத்தாலே தெரியலியா?"

"நான் பாக்காம எழுதிட்டேன்னு சிரிக்கிற. நீயும் பாக்காமத்தானே சொல்ற?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான், இனி வர மாட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் ஓடி வந்து கடை வாசலில் நின்றாள். மலாய் மொழிப் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். கோடு கோடாகப் போட்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரைக்கும் குப்பைத் தொட்டிப் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

"கீழ கொண்டாந்து போட்டவங்க பத்தொம்பது. மேலேர்ந்து வீசுனவங்க நாலு. ஒரு பை என் காலு கிட்ட வுழுந்துச்சு, மீன் தல. பிரிச்சுக் கொண்டாந்தவங்க..." அவளுக்கே சொல்லப் பிடிக்கவில்லை. "ஒருத்தவங்க. அந்தச் சீனப் பாட்டி, அட்டப்பெட்டிய கட்டிக் கொண்டாந்தாங்க."

"அப்ப நீ சொன்னதும் தப்பு."

"ஒங்களது பெரிய தப்பு," என்றாள் உடனே. "எண்பது எங்க, ஒண்ணு எங்க."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. இந்தப் பெண்ணுக்குப் பாடம் பிடிக்காது. ஆனால் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பது கற்கண்டு மாதிரிப் பிடிக்கும். ஃபோலியோவின் நகலையும் ஒரு சிவப்புப் பேனாவையும் அவளிடம் கொடுத்தேன்.

"இதுல எத்தன பொய் இருக்குன்னு பாரு. நான் எழுதுனது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெருக்கல் குறி போடு."

"திட்டலாமா?"

"திட்டு."

என் எழுத்தை ஒருவர் என் முன்னால் படிப்பது அதுதான் முதல் தடவை. எனக்கு எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. மலாய்ச் சொல் தெரியாதபோதெல்லாம் கேட்டாள். பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் அது என்னவென்று தெரிய வேண்டுமே. ஒரு மணி நேரத்தில் ஐந்து பக்கம் படித்தாள். "குடியிருப்பாளர்கள் மாதந்தோறும் கூட்டாகத் துப்புரவுப் பணி செய்கின்றனர்" என்ற இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

கடைசிப் பத்தியை அவள் இரண்டு முறை படித்தாள். "இயற்கை, நம் கையில் ஒப்படைக்கப்பட்ட குழந்தை" என்று முடித்திருந்தேன்.

"இது பொய்யா, நெசமாக்கா?"

"அது... அழகுக்குப் போட்டது."

யோசித்து, பெருக்கல் போடாமல் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் புளோக்கின் எல்லா வீட்டுக்கும் போனோம். மொத்தம் அறுபது வீடு. யோசனை அவளுடையது. நான் பின்னால் நோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டுவது அவள், பேசுவது அவள்.

அத்தையிடம் மாடிப்படி விஷயத்தைச் சொன்ன ஐயாவு மாமா கைலியோடு வந்து கதவைத் திறந்தார். "என்னாடி, வோட்டு கேக்க வந்தீங்களா?"

"குப்ப கேக்க வந்தோம் மாமா. நீங்க குப்பைய எங்க போடுறீங்க?"

"குப்பைக்குக்கூட கணக்கெடுப்பா? நீ மொதல்ல பள்ளிக்கூடம் போற வழியப் பாருடி. மாடிப்படியில குந்தியிருக்கிறவ எனக்குக் கேள்வி கேக்க வந்துட்டா."

தினேஸ்வரியின் கழுத்து சிவந்தது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன், போய்விடலாம் என்று. அவள் அசையவில்லை.

"மூணு நாளா போறேன் மாமா. திங்கக்கெழமயும் போவேன். நீங்க ஜன்னலு வழியா போடறீங்களா, கீழ கொண்டு போறீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"கீழதான்லா கொண்டு போறேன்," என்றார். பிறகு குரலைத் தணித்து, "மழ பேஞ்சா மட்டும் ஜன்னலு. எழுதாத," என்றார்.

"எழுதுங்கக்கா," என்றாள் தினேஸ்வரி.

நாற்பத்தெட்டு வீடு பதில் சொன்னது. மூன்று வீடு குப்பையைப் பிரித்துப் போட்டது. சீனப் பாட்டி, டின் சேர்த்து விற்கும் பிச்சைமுத்து அண்ணன், இரண்டாவது மாடியில் புதிதாக வந்திருக்கிற நர்ஸ் பல்கீஸ் அக்கா.

"மூணு வீடுன்னா எத்தன விழுக்காடு?" என்று கேட்டாள்.

"நீயே போட்டுப் பாரு."

"எனக்கு வராது."

"சரி, வுட்டுரு. மூணு வீடுன்னே சொல்லிக்கலாம்."

"எண்பதுன்னு ஒரு விழுக்காடு இருந்தா, அதுக்கு எதிரா இன்னொரு விழுக்காடு வேணாமா?" என்று கோபப்பட்டாள். மூன்றை நாற்பத்தெட்டால் வகுக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. முதல் விடை பதினாறு. இரண்டாவது விடை அறுநூற்றுச் சொச்சம். "அறுநூறு விழுக்காடுன்னா நம்ம ஃப்ளாட்டு சிங்கப்பூர் ஆயிருச்சு," என்று அவளே அடித்துவிட்டாள். மூன்றாவது தடவை ஆறு புள்ளி இரண்டு ஐந்து வந்தது. ஷாஃபி அண்ணன் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து, தலையை ஆட்டினார். அவள் அதை மலாயில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் தானே மலாயில் நாலு பக்கம் எழுதிவிட்டாள். நிறைய தப்பு இருந்தது. என் விரல்கள் துடித்தன. அவள் கேட்டதை மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை சாயங்காலம் நல்லம்மாள் அத்தை கடைக்கு வந்தார். மகள் எழுதியதைப் பார்த்தார். படிக்கத் தெரியாது என்றாலும், அவள் கையெழுத்துதான் என்று தெரிந்து முகம் மலர்ந்தது. விவரம் கேட்டதும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

"டீச்சரு கையில இருக்கிற ஃபோலியோல எண்பதுன்னு இருக்கு. இவ போயி ஆறுன்னு சொன்னா, அப்ப அத யாரு எழுதுனான்னு கேக்க மாட்டாங்களா? திருட்டு ஃபோலியோன்னு மூணாவது கடுதாசியக் குடுத்துருவாங்கடி. எண்பதுன்னே சொல்லிட்டு வந்துரு. ஒரு வார்த்ததானே?"

அதுவரை எனக்கு அது தோன்றவேயில்லை. அத்தை சொன்னது சரி. நானும், "ஆமா தினேஸ், எண்பதுன்னே..." என்று ஆரம்பித்தேன்.

"குப்பைத் தொட்டி பக்கத்துல மீன் தல வாங்கிக்கிட்டு நின்னது நீங்களாக்கா?" என்றாள் தினேஸ்வரி. "எண்பதுன்னு சொல்லணும்னா நான் போவல. சி புளோக்குக்கே போறேன்."

அவள் மிரட்டவில்லை. உண்மையாகவே போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. எண்பது என்று சொன்னால் அவளுக்கு அங்கே நிற்கக் காரணமில்லை. ஆறு என்று சொன்னால் அவளை நிற்க விடமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது என் வாய் வழியாகப் போக வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை அவளைப் பள்ளி கேட்டில் விட்டுவிட்டு நான் திரும்பவில்லை. காவலரிடம் அடையாள அட்டையைக் கொடுத்து, வருகையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிமெண்டு நடைபாதை. கழிப்பறைப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

ஹஸ்லினா டீச்சர் ஆசிரியர் அறை வாசலில் தேநீரோடு நின்றுகொண்டிருந்தார். மலாயில் என்ன சொல்வது என்று நான் இரவெல்லாம் தயார் செய்து வைத்திருந்த ஒன்பது வாக்கியமும் மறந்துபோய்விட்டன.

"நான்தான் எழுதினேன்," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். "எதை?"

"தினேஸ்வரியின் ஃபோலியோவை. எதிர்க் கடையில்தான் நான் வேலை செய்கிறேன். எண்பது விழுக்காடு... அது நான் இட்டுக்கட்டியது. அவளுக்குத் தெரியாது. அவள் உண்மையான கணக்கை எடுத்து வைத்திருக்கிறாள். அதைச் சொல்லப் போகிறாள். அவளைத் தண்டிக்காதீர்கள்." வாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நடுநடுவே தமிழும் விழுந்தது.

டீச்சர் தேநீர்க் குவளையைச் சுவரின் மேல் வைத்தார். "இயற்கை, நம் கையில் ஒப்படைக்கப்பட்ட குழந்தை. நீதானா?"

நான் தலை குனிந்தேன்.

"போன வருடத்திலிருந்து ஆறு பேர் அந்தக் குழந்தையை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்," என்றார். கோபம்போலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. "அவளாக எழுதியிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் தினமும் பள்ளிக்கு வருகிறவர்கள். இவள் வருவதில்லை. பேச வேண்டும் என்று சொன்னால், பயத்திலாவது ஒரு வாரம் வருவாள் என்று பார்த்தேன்."

"வந்தாள்," என்றேன்.

"வந்தாள்." அவர் குவளையை மறுபடி எடுத்துக்கொண்டார். "ஃபோலியோவுக்கு நான் மதிப்பெண் தர முடியாது. சுழியம்தான். மிஸஸ் லோவிடமும் நான் இதைச் சொல்லியாக வேண்டும். கடிதம் அவர் கையில் இருக்கிறது. அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு அவர் முடிவு செய்யட்டும். நீயும் வா, பின்னால் உட்கார்."

நான் கடைசி வரிசையில், காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அது அவளுடைய நாற்காலி.

தினேஸ்வரி முன்னால் போய் நின்றாள். காலுறை இரண்டையும் இழுத்துவிட்டிருந்தாள். வணக்கம் சொன்னாள். பிறகு ஒன்றும் வரவில்லை. யாரோ சிரித்தார்கள். மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. அதன் முடிவில் ஒரு கதவு இருக்கும், அதைத் திறந்துகொண்டு ஓடிவிடலாம். அவள் கண்ணும் கதவுப் பக்கம் போவதைப் பார்த்தேன். நான் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மிஸஸ் லோ மேசைமேல் இருந்த ஃபோலியோவைப் புரட்டிக்கொண்டிருந்தவர், கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டார்: "எண்பது விழுக்காடா? அந்த ஃப்ளாட்டிலா?"

தினேஸ்வரியின் முகத்தைப் பார்த்தேன். காகிதப் பெட்டியின் மேலிருந்து எழுந்து உட்கார்ந்த அதே முகம்.

"இல்லை டீச்சர்," என்றாள். "அது தப்பு. ஆறு புள்ளி இரண்டு ஐந்து."

அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. தாளைப் பார்க்கவேயில்லை. எந்த மணிக்கு எத்தனை பேர், எந்த மாடியிலிருந்து எத்தனை பை என்று சொன்னாள். மலாய்ச் சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். மீன் தலை விழுந்ததைக் காட்டியபோது முன்வரிசை முழுவதும் பின்வாங்கியது. "உங்கள் ஃப்ளாட் நாறும்!" என்று ஒரு பையன் கத்தினான். "உன் வீட்டில் எத்தனை பேர் பிரிக்கிறீர்கள்? எண்ணினாயா? எண்ணிவிட்டு வந்து பேசு," என்றாள் அவள். அந்த வாக்கியத்தில் மட்டும் ஒரு தப்பும் இல்லை.

மிஸஸ் லோ சிரிக்கவில்லை. நிறையக் கேள்வி கேட்டார். பன்னிரண்டு வீடு ஏன் பதில் சொல்லவில்லை, குப்பை லாரி எந்த நாளில் வருகிறது. ஒரு கேள்விக்கு, "தெரியாது டீச்சர், பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்," என்றாள்.

முடிந்ததும் அவர் ஃபோலியோவை மூடி, ஹஸ்லினா டீச்சரிடம் கொடுத்தார். இரண்டு வாரத்துக்குள் அவளே புதிதாக எழுத வேண்டும், கையால் எழுத வேண்டும் என்றார். அந்த இரண்டு வாரமும் ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. விடுபட்டால் கடிதம் அன்றைக்கே வீட்டுக்குப் போகும். வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்று, "கடைக்காரரிடம் சொல், நான் ஒரு நாள் வருகிறேன்," என்றார்.

ஷாஃபி அண்ணனிடம் சொன்னேன். அவர், "ஃபோலியோ எழுதித் தரப்படாது" என்று பெரிய எழுத்தில் அச்செடுத்து, லாமினேட் செய்து, கல்லாவுக்கு மேலே ஒட்டச் சொன்னார். "ஒரு நல்ல தொழில ரெண்டு பொம்பளப் புள்ளைங்க சேந்து கவுத்துட்டீங்க," என்று அன்றைக்கு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மூன்று ரோட்டி சனாய் வாங்கி வரச் சொன்னார். அதில் ஒன்று தினேஸ்வரிக்கு.

இப்போது தினமும் மத்தியானம் வருகிறாள். பின்னறையில் என் மேசையை எடுத்துக்கொண்டுவிட்டாள். நான் காகிதப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறேன். அவள் மெதுவாக எழுதுகிறாள், நாக்கைக் கடித்துக்கொண்டு. ஒரு பத்தியை இப்படித் திருப்பிப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. நேற்று தெரியாமல் தாளை நோக்கிக் கையை நீட்டிவிட்டேன்.

"கைய எடுங்க," என்றாள், நிமிர்ந்து பார்க்காமலே.

எடுத்தேன். எழுந்து போய் இயந்திரத்துக்குத் தாள் போட்டேன். திரும்பி வந்தபோது அவள் பேனாவை வைத்துவிட்டு, எழுதியதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கீழ கொண்டு போறவங்க நாப்பத்தொண்ணு. மேலேர்ந்து போடறவங்க ஒம்பது. பிரிக்கிறவங்க மூணு. மொத்தம் அம்பத்துமூணு வருது."

"ம்."

"நாம கேட்டதே நாப்பத்தெட்டு வீடுதானே? அஞ்சு வீடு எங்கேர்ந்து வந்துச்சு?"

எனக்குத் தெரிந்தது. அந்த நோட்டில் எழுதியதே நான்தான். ஐயாவு மாமாவைப் போல மழை பெய்தால் மட்டும் ஜன்னலைத் திறக்கிறவர்களை இரண்டு கணக்கிலும் போட்டிருந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன்.

"சொல்லாதீங்க," என்றாள். மேசையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "சில பேரு ரெண்டு மாரியும் போடறாங்க. யாருன்னு நான் போய்க் கேட்டுட்டு வாரேன்."

"மழ வர்ற மாரி இருக்கு, தினேஸ்."

"மழையிலதான் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு, பேனாவைக்கூட மூடாமல் ஓடினாள்.